உழைக்கும் முதியோருக்கு உடற்பயிற்சி எதற்கு?

“காலை முதல் மாலை வரை உழைத்துக் களைக்கிறவனுக்குத் தனியாகத் தேகப்பயிற்சி எதற்கு? அது நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் தங்களைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு வேண்டியதன்றோ?” சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் வயது முதிர்ந்த அங்கத்தினர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. இதில் பாதி கேலி, பாதி நியாயம். கேலியை நான் ஒப்புக்கொள்கிறேன். நியாயமான பாதிக்கு மட்டும் விடை கூற முற்படுகிறேன்.

நம் அங்கத்தினர்க்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. அறுபத்தைந்து வயதில் விவசாயி மண்வெட்டியைக் கீழே வைப்பதில்லை. நெசவாளர் நாடாவை விடுவதில்லை. கூட்டுறவு நெசவாளர்க்கு முதியோர் ஓய்வூதியத் திட்டம் இருப்பினும், அதனை மட்டும் நம்பித் தறியை விட்டு எழுந்தவர் அரியர். ஆகவே, குனிந்து நிமிர்தலும், சுமை தூக்கி நடத்தலும், தறிக்குழியில் இறங்கி ஏறுதலும் அவர்க்கு வெறும் சுகம் அல்ல, அவையே பிழைப்பு. அவை குன்றினால் வீட்டு வருமானம் குன்றும். சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தவணையும் நிற்கும். எத்தனை ஆண்டு வாழ்கிறோம் என்பதைக் காட்டிலும், எத்தனை ஆண்டு பிறர் கைத்தாங்கல் இன்றி நடமாடுகிறோம் என்பதே நமக்கு முதற்கேள்வி.

உழைப்பு என்று நாம் ஒரே சொல்லால் கூறினும், அது காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. தேவாரத்தை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், போடியிலிருந்து உத்தமபாளையம் செல்லும் மலையடிச் சாலையில் அமைந்த ஊர் அது. அண்ணாந்து பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் கேரளத்தின் ஏலக்காய்த் தோட்டங்கள். இவ்வூரின் பெயரையே தாங்கிய தேவாரம்மெட்டு அங்கே எல்லையில் இருக்கிறது. இம்மலையடி ஊர்களின் முன்னோர் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையுடன் மலையேறித் தோட்ட வேலைக்குச் சென்றார்கள். இன்று பள்ளத்தாக்கின் தொழிலாளர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் சென்று, மாலையில் ஜீப்பிலேயே திரும்புகின்றனர்.

தோட்டத்து வேலையும் அவ்வாறே மாறிவிட்டது. கமலை இறைத்த காலத்தில், மாட்டின் பின்னே கமலைச் சரிவில் முன்னும் பின்னும் நடந்த நடை எத்தனை கல் என்று அளந்தவர் இலர். பின்னர் மின்சார மோட்டார் வந்தது. மோட்டார் போடத் தோட்டம் வரை நடந்தவர், இப்போது கைப்பேசியின் பொத்தானை வீட்டுத் திண்ணையிலிருந்தே அழுத்துகிறார். வாய்க்காலில் மடை மாற்றிய வேலையைச் சொட்டுநீர்க் குழாய் செய்கிறது. தோட்டத்துக்குச் செல்ல மோட்டார் சைக்கிள் இருக்கிறது. இம்மாறுதல்களை நான் குறை கூறவில்லை. கமலைக் காலம் திரும்பி வரவேண்டும் என்று ஏங்குவோர் பெரும்பாலும் கமலை இறைத்திராதவர்களே. ஆனால் நம் கால்கள் பெற்றுவந்த ஒரு கூலி சந்தடியில்லாமல் நின்றுபோயிற்று என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். உழைப்பாளி என்ற பெயர் நம்மிடம் அப்படியே இருக்கிறது. உழைப்பின் அளவு அப்படியே இல்லை.

இம்மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் ஆண்டிபட்டியை அடுத்துள்ள சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் ஆகிய ஊர்கள் சேலை நெசவுக்குப் பெயர் பெற்றவை. நெசவாளரின் நிலை விவசாயியின் நிலையிலிருந்து வேறானது. குழித்தறியில் அமர்ந்தவரின் கைகளும் தோள்களும் ஓயாமல் இயங்குகின்றன. பாதங்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஆனால் உடலின் பாரம் முழுவதும் பலகையின்மேல் தங்கிவிடுகிறது. தொடையும் இடுப்பும் உடலைத் தூக்கும் வேலையைச் செய்வதே இல்லை. முதுகு முன்புறமாகவே வளைந்து நிற்கிறது. முன்பெல்லாம் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, நீவியவாறே தெருவின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் வீட்டார் யாவரும் நடப்பது உண்டு. சுற்றித் தயாராக வரும் பாவு கிடைக்கும் இடங்களில் அந்த நடையும் போயிற்று. தார் சுற்றும் பெண்டிரோ இராட்டையின் முன் தரையில் அமர்ந்தால் எழுவது உலை வைப்பதற்கே.

இனி, ஆராய்ச்சியாளர் கூறுவதைப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டு ஜெரமி மாரிஸ் என்ற ஆங்கில மருத்துவர் லண்டன் பஸ் தொழிலாளரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டடுக்கு பஸ்ஸில் நாள் முழுதும் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களைக் காட்டிலும், அதே பஸ்ஸில் அமர்ந்து ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக இருந்தது. உடலுழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் ஊன்றி ஆராயத் தொடங்கியது அதன் பின்னரே. 2017இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,30,000 பேரைத் தொடர்ந்து கவனித்தது. பொழுதுபோக்காகச் செய்யும் பயிற்சியாயினும், வேலையாலும் வீட்டுக் காரியத்தாலும் ஏற்படும் அசைவாயினும், இரண்டும் ஆயுளுக்கு நன்மையே செய்கின்றன என்பது அதன் முடிவு. இதுவரை நம் முதிய அங்கத்தினரின் கட்சியே ஜெயிக்கிறது.

எனினும், 2021இல் டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் நகர்ப் பகுதியில் 1,04,000 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி வேறு விதமாகக் கூறிற்று. ஓய்வு நேரத்தில் விருப்பத்துடன் செய்த பயிற்சி இருதயத்தைக் காத்தது; வேலையிடத்தில் செய்த கடும் உழைப்போ அவ்விதம் காக்கவில்லை, தீங்குடனேயே சேர்ந்து காணப்பட்டது. இரண்டு முடிவுகளும் முரண்படுவது போல் தோன்றலாம். நாடு வேறு, தொழில் வேறு என்பது ஒருபுறமிருக்க, காரணமாக அவர்கள் கருதுவது நமக்கு எளிதில் விளங்கக்கூடியது. பயிற்சி என்பது சிறிது நேரம் உடலை வருத்திப் பின் ஓய்வு கொடுப்பது. வேலை அவ்வாறு ஓய்வு தருவதில்லை. ஒரே உறுப்பை ஒரே விதமாக எட்டு மணி நேரம் தேய்க்கிறது. பாரம் ஏற்றிய வண்டியை நாள் முழுதும் இழுக்கும் மாட்டைப் பந்தய மாடு என்று எவரும் சொல்வதில்லை அன்றோ?

என் கருத்து இதுதான். நம் அங்கத்தினர் செய்யும் உழைப்பு இருதயத்துக்கு நல்லது. அதை விட வேண்டியதில்லை. ஆனால் அது உடல் முழுமைக்கும் போதிய பயிற்சி அன்று. முதுமையில் முதலாவதாகக் கைவிடுவன எவையோ, அவற்றை அது தொடாமலே விட்டுவிடுகிறது. அவை இரண்டு: ஒன்று தொடையின் வலிமை, மற்றொன்று நிலை தடுமாறாமல் நிற்கும் திறன்.

நடுவயதைக் கடந்ததும் தசை சிறுகச் சிறுகக் கரைகிறது. கரைவதைவிட விரைவாக அதன் வலிமை குறைகிறது; எழுபத்தைந்து வயதளவில் ஆண்டுக்கு நூற்றுக்கு 3 பங்கு அளவில் கால் வலிமை போகிறது என்று கணக்கிட்டிருக்கின்றனர். திடீரென்று எழவும், இடறினால் சட்டென்று காலை ஊன்றிக்கொள்ளவும் பயன்படும் விரைவான தசை நார்களே முதலில் தேய்கின்றன. ஆகையால்தான், மெதுவாக எவ்வளவு தூரமும் நடக்கக்கூடிய பெரியவர், வரப்பில் ஒரு கல் தடுக்கியவுடன் விழுந்துவிடுகிறார். மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கு எலும்பும் மெலிந்திருப்பதால், அவ்வாறு விழும்போது இடுப்பெலும்பு முறிவது அவர்களுக்கே அதிகம்.

இதைவிட நம்மவர் அறிய வேண்டியது மற்றொன்று உண்டு. அது காய்ச்சலுக்குப் பின் வரும் கேடு. 2007இல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியமுள்ள 12 முதியோரைப் பத்து நாள் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தனர். அவர்களுடைய சராசரி வயது 67. நோய் எதுவும் இல்லை, வெறும் படுக்கை மாத்திரமே. பத்தாவது நாள் முடிவில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. முழங்காலை நீட்டும் வலிமை நூற்றுக்கு 16 வீதம் போயிருந்தது. டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்து இரண்டு வாரம் படுத்த பெரியவர், “காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கால் பழையபடி வரவில்லை” என்று கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டார் அன்பினால், “இனி நீங்கள் தோட்டத்துக்குப் போக வேண்டாம், அப்படியே படுத்திருங்கள்” என்பார்கள். அந்த அன்பே மிச்சமிருந்த வலிமையையும் கொண்டுபோய்விடும். படுக்கையில் இருக்கும்போதே வைத்தியர் அனுமதிக்கும் அளவு எழுந்து அமர்தல், கால்களை மடக்கி நீட்டுதல், கட்டிலைச் சுற்றி நடத்தல் ஆகியவற்றைத் தொடங்குவது மருந்துக்கு அடுத்தபடியாக முக்கியம்.

போனது திரும்புமா? திரும்பும். இதற்கு 1990இல் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் செய்த சோதனையே சான்று. முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரை அவர் தேர்ந்தார். அவர்களின் சராசரி வயது 90. எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சியைக் காலுக்குக் கொடுத்தார். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று. ஆனால் அச்சோதனையின் மறுபாதியை எவரும் அவ்வளவாக எடுத்துக் கூறுவதில்லை. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அவ்வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. ஆகவே இது ஒருமுறை கட்டி முடிக்கும் கடன் அன்று. விடாமல் செலுத்தும் சேமிப்பு. 2014இல் வெளியான மற்றோர் அமெரிக்கச் சோதனையில் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேர் பங்கு கொண்டனர். இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், 400 மீட்டர் தூரமளவு தாமாக நடக்கும் திறனை இழந்தவர்கள், உபதேசம் மட்டும் கேட்ட கூட்டத்தில் நூற்றுக்கு 35.5; நடையும் பயிற்சியும் செய்த கூட்டத்தில் 30.1. வேறுபாடு பெரிதன்று என்று சிலர் நினைக்கலாம். நூறு பேரில் ஐந்து பேர் கட்டிலுக்குப் போகாமல் நடமாடுவது சிறிய காரியம் என்று நான் கருதவில்லை.

தம் நிலையை அறிய மருத்துவமனைக்குப் போக வேண்டுவதில்லை. சங்க அலுவலகத்தில் இருக்கும் கைப்பிடியில்லாத சாதாரண நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும். நாற்காலி நகராதவாறு சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுவதும் எழுந்து நின்று அமர வேண்டும். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவின்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலிமை குன்றியிருக்கிறது என்று பொருள். 6 மீட்டர் தூரத்தைத் தம் இயல்பான நடையில் கடக்க 6 விநாடிக்கு மேல் ஆனாலும் அவ்வாறே. பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 2012இல் இன்னும் எளிய சோதனை ஒன்றைக் கூறினர். கை ஊன்றாமல் தரையில் அமர்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதே அது. 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைச் சோதித்துத் தொடர்ந்து பார்த்ததில், அவ்வாறு அமர்ந்து எழ இயலாதவர்கள் விரைவில் மரணமடைந்தது அதிகமாகக் காணப்பட்டது.

தரையில் அமர்ந்து உண்டு, தரையில் அமர்ந்து பேசி, தரையிலேயே பாய் விரித்த நமக்கு இது பிரேசிலிலிருந்து வரவேண்டிய பாடமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேஜையும் கட்டிலும் நம் வீடுகளிலும் புகுந்துவிட்டன. மகாசபைக் கூட்டத்துக்கு முன்பு ஜமக்காளம் விரிப்பார்கள்; இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். முழங்கால் வாதம் உள்ளவர்க்கு நாற்காலி வேண்டியதே. மற்றவர்க்காகப் பக்கத்தில் ஒரு ஜமக்காளமும் விரிக்கலாம். பழைய ஜமக்காளம் பல சங்கங்களின் இருப்புப் பதிவேட்டில் இன்னும் கணக்கில் இருக்கிறது.

செய்ய வேண்டிய பயிற்சி அரிதன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் நடை போன்ற மிதமான இயக்கமும், இரண்டு நாளாவது தசைக்கு வலுத் தரும் பயிற்சியும், மூன்று நாளாவது நிலை தடுமாறாமைக்கான பயிற்சியும் செய்யுமாறு கூறியிருக்கிறது. விவசாயி முதலாவதைப் பெரும்பாலும் வேலையிலேயே முடித்துவிடுவார், நெசவாளர் முடிப்பதில்லை. தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் செல்பவர் பாதி வழியில் அதை நிறுத்திவிட்டு நடந்தால் அதுவும் நிறையும். பின் இரண்டும் இருவர்க்கும் வேண்டும்.

வலுவுக்கு, முன்னர்க் கூறிய நாற்காலிப் பயிற்சியே சோதனையாகவும் சிகிச்சையாகவும் ஆகிறது. பத்து முறை எழுந்து அமர்ந்து, சிறிது நேரம் இளைப்பாறி, மீண்டும் பத்து முறை செய்ய வேண்டும். அமரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் தசைக்கு வேலை அதிகம். எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். எளிதாகிவிட்ட பயிற்சியையே ஆண்டு முழுதும் செய்துகொண்டிருப்பதில் வலிமை வளராது. திண்ணைப் படியில் ஒரு காலால் ஏறி இறங்குவதும், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி நிற்பதும் இதனோடு சேரும். நெசவாளர் மணிக்கு ஒருமுறை தறிக்குழியை விட்டு எழுந்து, இடுப்பில் கைவைத்து முதுகைப் பின்புறம் மெல்ல வளைத்து, தோள்களைப் பின்னுக்கு இழுத்து நிமிர வேண்டும். ஐந்து நிமிஷ நெசவு குறையும். மாலையில் முதுகு அதைத் திருப்பித் தரும்.

நிலை தடுமாறாமைக்கு, சுவர் அருகே ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்றல் போதும். முதலில் ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு தொடங்கலாம். ஒரு பாதத்தின் விரலோடு மறு பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பதும் நல்லது. வரப்பில் நடந்து பழகியவர்க்கு இது புதிதன்று. இத்தகைய பயிற்சிகளால் முதியோர் கீழே விழுவது நூற்றுக்கு 23 வீதம் குறைகிறது என்பது 2019இல் 108 சோதனைகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. மார்பு வலி, தலைச்சுற்றல், மிகுந்த மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி வைத்தியரைக் காண வேண்டும். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர் தொடங்குமுன்னரே கேட்டுக்கொள்வது அவசியம். முழங்கால் வலி சிறிது இருப்பதால் பயிற்சி கூடாது என்று எண்ண வேண்டாம். தொடை வலுப்பட்டால் அவ்வலி பெரும்பாலும் தணியும்.

தசை வளரச் சத்தும் வேண்டும். வயதானவர் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் கொள்ள வேண்டும் என்று நிபுணர்கள் கூறுகின்றனர். சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் வைத்தியர் சொற்படி நடக்க. சோறும் ரசமும் மோருமாக முடிக்கும் முதியோர்க்கு இதில் பாதியும் சேருவது கடினம். பால் சங்கத்துக்கு ஊற்றும் பாலில் ஒரு டம்ளர் வீட்டுப் பெரியவருக்கு நிற்கட்டும். மொச்சையும் நிலக்கடலையும் தட்டைப்பயறும் நம் மானாவாரி நிலத்திலேயே விளைகின்றன. முட்டை உண்போர்க்கு முட்டை.

நம் நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டானவர் இலரா? பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் 1920இல் பிறந்த கோவை நானம்மாள், சிறுமியாயிருக்கையில் தந்தையிடம் கற்ற யோகாசனத்தைத் தொண்ணூறு வயதைக் கடந்தும் செய்து காட்டிப் பிறர்க்கும் கற்பித்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019இல் 99 வயதில் காலமானார். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்த பின்னும் தம் நிலத்தில் வேலை செய்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2024 செப்டம்பரில் மறைந்தார். ஒருவர் பயிற்சியால், மற்றவர் உழைப்பால் என்று பிரித்து, இதை வழக்குத் தீர்ப்பாக எவரும் கொள்ள வேண்டாம். அவ்வளவு வயது வாழ்வதில் பரம்பரையின் பங்கும் உண்டு. இருவரும் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தனியாகத் தொடங்கிய பயிற்சி பத்து நாளில் நின்றுவிடுவது இயல்பு. ஜப்பானியர் இதற்கு ஒரு வழி கண்டனர். தபால் ஆயுள் காப்புறுதி இலாகாவின் முயற்சியால் 1928இல் வானொலி மூலம் தேகப்பயிற்சி ஒலிபரப்பத் தொடங்கினர். இன்றும் காலை நேரத்தில் முதியோர் பூங்காக்களில் கூடி, அந்த இசைக்கேற்பப் பத்து நிமிஷம் பயிற்சி செய்கின்றனர். நம்மிடம் பூங்கா இல்லாவிடினும் கூடுமிடம் உண்டு. பால் ஊற்றக் காலையில் வரிசையில் நிற்கிறோம். நெய்த துணியைக் கொடுக்கவும் பாவு வாங்கவும் சங்கத்தில் காத்திருக்கிறோம். காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் காரியதரிசி ஒருவர் முன்னின்றால் பத்துப் பேர் சேர்ந்து செய்யலாம். தார் சுற்றும் பெண்டிரையும் பால் ஊற்றும் பெண்டிரையும் இதில் விட்டுவிடக் கூடாது. கூச்சத்தால் அவர்கள் விலகினால் அவர்களுக்கென்று தனி நேரம் வைக்கலாம்.

ஏற்கெனவே நடமாட்டம் குறைந்தவர்க்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்க ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

தொடங்க விரும்பும் அங்கத்தினர், ஐந்து முறை எழுந்து அமர இன்று எத்தனை விநாடி ஆயிற்று என்பதைத் தம் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியுடன் எழுதி வைக்க. வாரத்தில் மூன்று நாள் வீதம் எட்டு வாரம் செய்தபின், அதே நாற்காலியில், அதே கடிகாரத்தைக் கொண்டு மீண்டும் பார்த்து, கண்ட எண்ணை அதன் கீழ் எழுதுக.